பதினாறு வயது ரன்னிங் பேக்கின் அம்மாவுக்கு

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகனுக்கு 16 வயது. பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் முதல் அணியில், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்காக ஆடுகிறான். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 80 கிலோ. கல்லூரி அணியில் இடம் கிடைக்கும் என்று பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் தவிர வேறு பேச்சே இல்லை. கணிதத்தில் வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவன். இப்போதே ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்கிறார் என் கணவர். திருநெல்வேலியிலிருந்து மாமியார், "மண்டையில் அடிபட்டால் யார் பொறுப்பு?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். இது உண்மையிலேயே ஒரு தொழிலா? எத்தனை ஆண்டுகள் ஆட முடியும்? கோடிக்கணக்கில் சம்பளம் என்பது நிஜமா? மூளை பாதிக்கப்படும் என்கிறார்களே? நம் பிள்ளைகளுக்கு இது ஒத்து வருமா? – ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தொழில்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 25 வயதிலேயே முடிந்துபோகக்கூடிய தொழில். அதிலும் உங்கள் மகன் ஆடும் இடத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. கல்லூரியில் விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராக இருப்பவள் நான். என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பையன்களுக்குத் தங்கள் நாற்பது கஜ ஓட்டம் எத்தனை விநாடி என்பது நூறில் ஒரு பங்குவரை தெரியும். அந்தத் தொழிலின் ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே நீங்கள் கேட்டதை விட்டுச் சற்று விலகி, ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் வாசலின் அளவு. அமெரிக்கப் பள்ளிகளில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கல்லூரி அணிகளில் இருப்பவர்கள் 70 ஆயிரத்துச் சொச்சம். அவர்களில் ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு, அதாவது என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வுக்கு, தகுதி பெறுகிறவர்கள் சுமார் 16 ஆயிரம். ஏழு சுற்றுகளில் 32 அணிகளும் சேர்ந்து எடுப்பது 250 பேருக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கைச் சொன்னவுடன் உங்கள் மகன் பிராக் பர்டியின் பெயரைச் சொல்வான். 2022 டிராஃப்டில் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்டவர். இரண்டே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ அணியை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். 2025இல் ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் பெற்றார். யாருமே எடுக்காமல், அயோவாவில் மளிகைக் கடையில் இரவு வேலை பார்த்து, பிறகு சூப்பர் பவுல் வென்ற கர்ட் வார்னரையும் சேர்த்துச் சொல்வான். இரண்டும் உண்மைக் கதைகள். அபூர்வம் என்பதால்தான் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கின்றன. தவிர, இருவரும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள். அவர்கள் ஆடும் ஆட்டமும் ரன்னிங் பேக் ஆடும் ஆட்டமும் சம்பளக் கணக்கில் இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள்.

உங்களுக்குச் சாதகமான விதி ஒன்று உண்டு. பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாத எவரையும் என்.எஃப்.எல். எடுக்காது. ஒஹையோ ஸ்டேட் கல்லூரியில் ஆடிய மாரிஸ் கிளாரட் என்ற ரன்னிங் பேக் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார். கூடைப்பந்துபோல ஓராண்டில் கல்லூரியைக் கைகழுவிவிட்டுப் போக இங்கே வழியில்லை. உங்கள் மகன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் 20, 21 வயதுவரை கல்லூரியில்தான் இருப்பான். உங்கள் கையில் இருக்கும் உண்மையான முடிவு அந்த மூன்று நான்கு ஆண்டுகள் எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் கழியும் என்பதுதான். என்.எஃப்.எல். குறித்து இன்று நீங்கள் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை.

இனி ஒப்பந்தம். டிராஃப்டில் எடுக்கப்பட்ட புதியவர் கையெழுத்திடுவது நான்கு ஆண்டு ஒப்பந்தம். தொகையை அவர் பேரம் பேசி உயர்த்த முடியாது. எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டாரோ அந்த எண்ணே தொகையை ஏறக்குறையத் தீர்மானித்துவிடும். இந்த முறை 2011இல் வந்தது. 2010இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டு முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 2.2 கோடிதான். ஓராண்டு இடைவெளியில் விழுந்த அடி அது. முதல் சுற்று வீரரை ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களுக்குக் கையெழுத்துப் போனஸ் ஒன்றுதான் நிச்சயமான பணம். மற்றதெல்லாம் அணியில் இருந்தால்தான். 2025இல் புதியவருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர். பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அது சீசன் தொடங்கிய பிறகு வாரம் வாரமாக வருவது. கோடைப் பயிற்சியில் ஒவ்வோர் அணியும் 90 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆக வேண்டும். 32 அணிகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் ஒரே கெடு நாளுக்குள் வேலை இழக்கிறார்கள். அவர்களில் அணிக்குப் பதினாறு பேரைப் பயிற்சி அணியில் எடுத்துக்கொள்வார்கள். 2024இல் அங்கே புதியவருக்கு வாரம் 12,500 டாலர். எந்தச் செவ்வாய்க்கிழமையும் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். ஏஜென்டுக்கு 3 சதவீதம் வரை போகும். மத்திய வருமான வரியின் மேல்படி 37 சதவீதம். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லையென்றாலும் கலிஃபோர்னியாவில் போய் ஆடிய ஆட்டத்துக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கும்.

தொலைக்காட்சியில் சொல்லப்படும் பெரிய தொகைகளெல்லாம் இரண்டாவது ஒப்பந்தத்தில் வருபவை. ரன்னிங் பேக்கின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு தன்னைவிட முப்பது நாற்பது கிலோ கூடுதலான ஆட்களின் நடுவே பாய்வது அவர் வேலை. ஓர் ஆட்டத்தில் இருபது முறை அப்படி மோதி விழ நேரும். அந்த உடல் 22இலிருந்து 26 வரை உச்சத்தில் இருக்கும். சரியாக அதே நான்கு ஆண்டுகளை அணி மலிவான முதல் ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்கிறது. ஒப்பந்தம் முடியும்போது 'தேய்ந்துவிட்டான்' என்று சொல்லிவிட்டு டிராஃப்டில் புதிய பையனைத் தேடிப் போகிறது. கொடுமையாகத் தோன்றும். வியாபாரமாகப் பார்த்தால் அணிகளைக் குறை சொல்லவும் முடியவில்லை. 2013, 2014 இரண்டு ஆண்டுகளிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக் கூட எடுக்கப்படவில்லை.

அந்த வறட்சியை முடித்துவைத்தவர் டாட் கர்லி. ஜார்ஜியா கல்லூரியில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும், 2015இல் பத்தாவது ஆளாக அவரை ராம்ஸ் அணி எடுத்தது. 2017இல் லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது. 2018 கோடையில் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 4.5 கோடி உறுதித் தொகை. ரன்னிங் பேக்குகளுக்குப் புதிய காலம் பிறந்துவிட்டது என்று அன்று எழுதினார்கள். அந்தச் சீசனின் கடைசியிலேயே முழங்கால் படுத்தத் தொடங்கியது. 2020 மார்ச்சில் ராம்ஸ் அவரை விடுவித்தது. அட்லாண்டாவில் ஒரு சீசன் ஆடினார். அதற்குப் பிறகு ஆடவில்லை. அப்போது அவருக்கு வயது 26. இவர் தோற்றவர் அல்ல, நன்றாக நினைவில் வையுங்கள். இந்த இடத்தில் ஆடியவர்களில் உச்சியைத் தொட்டவர். கல்லூரியிலேயே இரண்டு முழங்கால்களும் போன ஃபிராங்க் கோர் 16 சீசன்கள் ஆடி 16 ஆயிரம் கஜம் ஓடினார் என்பதும் உண்மை. உங்கள் மகன் கோரின் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும். திட்டமிடும்போது மட்டும் கர்லியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆண்டுகள் ஆடலாம் என்று கேட்டிருந்தீர்கள். சராசரி சுமார் 3.3 ஆண்டுகள் என்கிறது வீரர்கள் சங்கம். ஆறு ஆண்டுகள் என்கிறது லீக். இரண்டும் பொய்யல்ல. முதல் ஆண்டிலேயே தொடக்க நாள் அணியில் இடம் பிடித்தவர்களை மட்டும் லீக் எண்ணுகிறது. வந்து போனவர்கள் எல்லோரையும் சங்கம் எண்ணுகிறது. உங்கள் மகன் எந்தக் கூட்டத்தில் இருப்பான் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஓய்வூதியத்துக்கு மூன்று சீசன்கள் கணக்கில் ஏற வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த மூன்றைத் தொடாமலே வெளியேறுகிறவர்கள் ஏராளம்.

சம்பாதித்த பணம் நிற்குமா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. கணவர் கேட்பார். 1996 முதல் 2003 வரை டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களைப் பொருளியல் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வுபெற்ற 12 ஆண்டுகளுக்குள் ஆறில் ஒருவர் அளவுக்கு நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்திருந்தார்கள். அதிகம் சம்பாதித்தவர், நீண்ட காலம் ஆடியவர் என்பதெல்லாம் அவர்களைக் காப்பாற்றவில்லை. மறுபக்கம், டெட்ராய்ட் அணியில் ஆடிய ரயன் பிராய்ல்ஸ் ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலருக்குள் குடும்பத்தை நடத்தி மிச்சத்தை முதலீடு செய்தார். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒரு விஷயம் சுலபமாகவே வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது மாமியாரின் கேள்வி. அவர் கேட்பது நியாயமானது. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002இல் இறந்தபோது அவர் மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமாலு, மறுபடி மறுபடி பட்ட அடிகளால் வந்த சிதைவைக் கண்டார். சி.டி.இ. என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, இறந்துபோன 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளைப் பார்த்ததில் 110இல் அது இருந்தது. இந்த எண்ணை வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அதோடு வராத விவரம் ஒன்று உண்டு. அந்த மூளைகளைத் தானமாகக் கொடுத்தவை பெரும்பாலும் ஏற்கெனவே அறிகுறிகளைக் கண்டு பயந்த குடும்பங்கள். ஆகவே ஆடும் எல்லோருக்கும் 99 சதவீதம் வரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆனால் ஆடும் ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்பதை அதே குழுவின் பிந்தைய ஆய்வும் காட்டியது. கணக்கில் சேர்வது மயங்கி விழவைக்கும் பெரிய அடி மட்டுமல்ல. யாரும் கவனிக்காத சின்னச் சின்ன மோதல்களும்தான். உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டறியும் பரிசோதனை இன்னும் இல்லை.

இதற்காக ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் மாணவனை உடனே ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்பச் சேர்க்கக் கூடாது என்று டெக்சாஸில் 2011 முதல் சட்டமே இருக்கிறது. சட்டம் இருந்து என்ன பயன், தலை சுற்றுகிறது என்று பையன் வாய் திறந்து சொன்னால்தானே? அவன் மறைக்காமல் சொல்வதற்கு வீட்டில் பயமில்லாத சூழல் வேண்டும். 'நான் அன்றே சொன்னேன்' என்று அப்பா ஆரம்பிப்பார் என்று தெரிந்தால் எந்தப் பையனும் மறைக்கத்தான் செய்வான். உங்கள் கணவரிடம் இந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள்.

கணிதத்தில் கெட்டிக்காரன் என்று எழுதியிருந்ததால் ஜான் அர்ஷலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பென் ஸ்டேட்டில் ஆடிக்கொண்டே கணிதத்தில் முதுகலை முடித்தவர். 2014இல் பால்டிமோர் ரேவன்ஸ் ஐந்தாம் சுற்றில் எடுத்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே எம்.ஐ.டி.யில் கணித முனைவர் படிப்பில் சேர்ந்தார். 2015இல் பயிற்சியின்போது தலையில் அடிபட்டது. அதன் பிறகு கொஞ்ச காலம் உயர்கணிதம் பிடிபடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2017இல், மேலே சொன்ன மூளை ஆய்வு வெளியான இரண்டாவது நாள், 26 வயதில் ஓய்வை அறிவித்தார். இன்று எம்.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியர். உங்கள் கணவர் இவரைத் தன் கட்சிக்கு இழுத்துக்கொள்வார், மகன் தன் கட்சிக்கு இழுப்பான். நான் கவனிப்பது வேறொன்றை. விலக வேண்டும் என்று தோன்றியபோது, போய்ச் சேர அவருக்கு ஓர் இடம் தயாராக இருந்தது. ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அதைக் கட்டி வைத்திருந்தார். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஆடி, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய், 2010இல் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட மைரன் ரோல் பிறகு நரம்பியல் அறுவை மருத்துவரானதும் இப்படித்தான்.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு ஓர் உரைகல் தருகிறேன். முதல் நாள் பயிற்சியிலேயே முழங்கால் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் இருக்க அவன் சம்மதிப்பானா? சம்மதிப்பான் என்றால் சேருங்கள். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகம் முதல்நிலைப் பிரிவில் ஆடுகிறது, படிப்பிலும் முன்னணி. ஐவி லீக் கல்லூரிகளிலும் சான் அன்டோனியோவின் டிரினிட்டி போன்ற மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது. ஆனால் அங்கே ஆட்டத்துக்காகப் படிப்பை விட்டுக்கொடுக்கச் சொல்வதில்லை. பெரிய அணியின் பெயர் பொறித்த சட்டைக்காகச் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்து, எளிது என்று யாரோ சொன்ன பாடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரும் பையன்களை நிறையப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் வருவது அவர்கள்மீது அல்ல.

கல்லூரிப் பயிற்சியாளர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். இனிமையாகப் பேசுவார்கள், உங்கள் சமையலைப் பாராட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். உதவித்தொகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதா, நான்கு ஆண்டுகளுக்கும் எழுதித் தருவதா? அடிபட்டு ஆட முடியாமல் போனால் அது தொடருமா? பட்டம் வாங்கிய பிறகு அந்தக் காயத்துக்கு மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு? பிற்பகல் பயிற்சி நேரத்தில் ஆய்வக வகுப்பு வந்தால் எது விட்டுக்கொடுக்கும்? கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்து மழுப்பினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாய்மொழி வாக்குறுதி எதற்கும் மதிப்பில்லை. நீங்கள் நம்பிச் சேர்க்கும் பயிற்சியாளரே அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்குப் போய்விடலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஒத்து வருமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. தந்தை வழியில் இந்தியரான பிராண்டன் சில்லர், தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கராக ராம்ஸ், கிரீன் பே அணிகளில் ஏழு சீசன்கள் இருந்தார். உயரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். புகழ்பெற்ற ரன்னிங் பேக் பாரி சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குலம்தான். எடைதான் போதாது. அந்த நிலையில் ஆடுகிறவர்கள் 90 முதல் 100 கிலோ இருப்பார்கள். அது 16 வயதில் அவசரப்பட்டு ஏற்ற வேண்டியதல்ல. யாரோ கொடுக்கும் பொடியைக் கரைத்துக் குடித்து ஏற்ற வேண்டியதும் அல்ல.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே இருக்கிறீர்கள், மகனுக்கு 16 வயது. அப்படியானால் அவன் இந்தியாவில் பிறந்தவனாக இருக்கலாம், உங்கள் எச்-1பி விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஊகம் சரியென்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது அவசரம். பச்சை அட்டை வராவிட்டால் 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். அவன் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகவும் பணம் கொடுக்கின்றன. சக வீரர்கள் வாங்கும் அந்தப் பணத்தை மாணவர் விசாவில் இருப்பவன் யோசிக்காமல் வாங்கினால் விசாவுக்கே ஆபத்து வரும். விளையாட்டு உதவித்தொகை பெறுவதில் அந்தத் தடை இல்லை. என்.எஃப்.எல். வரை போனால் விளையாட்டு வீரர்களுக்கென பி-1 (P-1) என்ற தனி விசா இருக்கிறது. ஆனால் அதுவரை போய்ச் சேர வேண்டுமே. எந்த ஏஜென்டும், எந்த விளம்பரக்காரரும் நீட்டும் தாளிலும் குடியேற்ற வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். மகன் எங்கே பிறந்தான், பச்சை அட்டை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். கல்லூரிகளின் பட்டியலை அதற்குப் பிறகு சேர்ந்தே போடலாம்.